ஆறு மாதத்தில் மூன்று மெமரி கார்டு: தேய்ந்தா செத்தது?

2022 ஜூன் 11, கேள்வி

அண்ணா, போர்வெல் மோட்டாருக்கு ஒரு லாகர் (அளவுகளைத் தொடர்ந்து பதியும் கருவி) செய்து உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாட்டியிருக்கிறேன். கரண்ட், வோல்டேஜ், நீர்மட்டம், நேரம் எல்லாம் சேர்த்து ஒரு வரி 64 பைட், விநாடிக்கு ஒரு வரி. 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. ஆறு மாதத்தில் மூன்று கார்டு போய்விட்டது. ஒரு வருடம் முழுக்க எழுதினாலே 2 ஜிபிதான் வரும், கார்டில் கால்வாசி. கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்று காலேஜில் படித்த ஞாபகம். அப்புறம் எப்படிச் சாகிறது? கிளாஸ் 10 வாங்கிப் போட்டால் சரியாகுமா?

2022 ஜூன் 11, இரவு, பதில்

கிளாஸ் 10-க்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை. அது வீடியோ கேமராவுக்காக வைத்த எண், தொடர்ச்சியாக எழுதும்போது விநாடிக்கு 10 எம்பிக்குக் கீழே போகாது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். உங்களுக்கு விநாடிக்கு 64 பைட்.

ஒரு லட்சம் என்பது ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி காலத்துக் கணக்கு. அதே செல்லில் இரண்டு பிட் திணித்தபோது சில ஆயிரங்களுக்கு இறங்கியது. இப்போது கடையில் கிடைக்கிற மலிவுக் கார்டில் பெரும்பாலும் மூன்று பிட், ஆயிரம் தடவை தாங்கினால் கும்பிடு போடலாம். அதுவும் எழுதும் கணக்கில்லை, எழுதி அழிக்கும் கணக்கு. எழுதுவது பேஜ் பேஜாக நடக்கும், அழிப்பது மொத்தமாக ஒரு பிளாக். ஒரு பேஜ் 16 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள், பிளாக் பல எம்பி.

நீங்கள் 64 பைட் எழுதி ஒவ்வொரு வரிக்கும் ஃபைலை சிங்க் செய்தால் (உடனே கார்டில் பதித்தால்) கார்டுக்குள் மூன்று இடத்தில் எழுத்து நடக்கும்: டேட்டா, ஃபேட் அட்டவணை (ஃபைல் கார்டில் எங்கெங்கே இருக்கிறது என்ற கணக்கு), டைரக்டரி (ஃபைல் பெயர், நீளம்). ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு பேஜ். நாளைக்கு 86,400 விநாடி, மூன்றால் பெருக்கினால் 2,59,200. அதை 16 கேபியால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 4.2 ஜிபி. நீங்கள் எழுதியதாக நினைப்பது 5.5 எம்பி. கோயம்பேட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்து எடுத்துவர லாரி பிடித்த கதைதான், அதுவும் விநாடிக்கு மூன்று லாரி.

தேய்மானம்தான். வரிகளைச் சேர்த்துவைத்து எழுதுங்கள், சரியாகிவிடும்.

2022 ஜூன் 12

மேலே எழுதியதில் தப்பு இருக்கிறது. காலையில் ஃபேட்எஃப்எஸ் (சின்னச் சிப்பிலிருந்து கார்டில் ஃபைல் எழுதும் நிரல்) மூலநிரலைத் திறந்து பார்த்தேன். சிங்க் செய்யும்போதெல்லாம் டைரக்டரி மாறும், அது உண்மை. ஃபேட் அட்டவணை ஃபைலுக்குப் புது கிளஸ்டர், அதாவது அடுத்த துண்டு இடம், ஒதுக்கும்போது மட்டும்தான் தொடப்படும். 32 கேபி கிளஸ்டர் என்றால் 512 வரிக்கு ஒரு தடவை. ஆகவே மூன்று லாரி இல்லை, இரண்டு. நாளைக்கு 2.8 ஜிபி.

2022 ஜூன் 12, மதியம்

கேள்வி கேட்ட தம்பி கணக்கைத் திருப்பி என்மேலேயே போட்டுவிட்டார். 8 ஜிபி கார்டில் நாளைக்கு 2.8 ஜிபி என்றால் மூன்று நாளைக்கு ஒரு சுற்று, ஆயிரம் சுற்றுக்கு ஏழரை வருடத்துக்கு மேல் வரவேண்டும், ஆறு மாதத்தில் மூன்று எப்படிப் போகும் என்கிறார்.

நியாயமான கேள்வி. தேய்மானத்தைக் கார்டு முழுக்க ஒரே சீராகப் பரப்பினால்தான் அந்த ஏழரை வருடம். கார்டுக்குள் இருக்கும் மலிவான கன்ட்ரோலர் சிப் ஒரே நேரத்தில் ஒன்றோ இரண்டோ பெரிய துண்டுகளைத்தான் திறந்து வைத்திருக்கும். நீங்கள் டேட்டா ஓரிடம், டைரக்டரி ஓரிடம் என்று மாறி மாறித் தொட்டால் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்க, நடுவில் பழைய சங்கதியை எல்லாம் காப்பி அடிக்க வேண்டியிருக்கும். அப்போது 16 கேபி என்பது பல மடங்காகிவிடும். லினக்ஸில் ஃபிளாஷ்பெஞ்ச் என்று ஒரு கருவி உண்டு, எத்தனை துண்டுவரை கார்டு மூச்சு வாங்காமல் தாங்குகிறது என்று காட்டும். கடைக் கார்டுகள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், ஒன்று நன்றாகவே தாங்கியது, இன்னொன்று மூன்றாவது துண்டிலேயே படுத்துவிட்டது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்புக் கார்டுதான்.

இருந்தும் ஆறு மாதத்தில் மூன்று என்பது எனக்கும் உறுத்துகிறது.

2022 ஜூன் 12, மாலை

"இண்டஸ்ட்ரியல் கார்டு வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். வாங்கலாம். மூன்று பிட் செல்லில் ஒரே பிட்டை மட்டும் வைத்து ஆயுளைக் கூட்டிய கார்டுகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் விலையைப் பார்த்தால் லாகர் போர்டே அதைவிடச் சல்லிசு. முதலில் எதனால் சாகிறது என்று தெரியட்டும்.

2022 ஜூன் 19

என் மேஜை டிராயரில் ஒரு இனிப்புக் கடை டப்பா இருக்கிறது, பல வருடமாக ஃபீல்டிலிருந்து "செத்துப்போச்சு" என்று திரும்பி வந்த கார்டுகளை அதில் போட்டுவைப்பேன். ஒவ்வொன்றிலும் சைட்டின் பெயர் எழுதிய ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மொத்தம் 14. ஒவ்வொன்றாக எடுத்து முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்தேன்.

எட்டு கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஃபைல் அமைப்பு மட்டும் குலைந்து கிடந்தது. ஃபார்மேட் செய்தவுடன் கடைசி செக்டர்வரை சுத்தமாக எழுதிப் படித்தது. இவற்றைத்தான் "தேய்ந்துவிட்டது" என்று ஆட்களிடம் சொல்லி, புதுசு வாங்கவைத்தேன்.

இரண்டு போலி. 32 ஜிபி என்று அச்சடித்திருக்கிறது, உள்ளே 4 ஜிபி. அதற்குமேல் எழுதினால் சத்தம் போடாமல் பழையதின்மேலேயே எழுதிக்கொள்ளும், ஓகே என்று பதிலும் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. கார்டு வாங்கியதும் முதல் வேலை இதுதான், லாகர் மாட்டி நாலு மாதம் கழித்து அல்ல.

ஒன்றில் ஓரத்தில் விரிசல். சாக்கெட்டில் அழுத்தித் திணித்திருக்கிறார்கள்.

மிச்சம் மூன்றுதான் நிஜச் சாவு. ஒன்று பதிலே தரவில்லை. ஒன்று படிக்க மட்டும் விடுகிறது, எழுத விடாது. ஆயுள் முடிந்ததும் கன்ட்ரோலர் தன்னைத்தானே பூட்டிக்கொள்வது உண்டு, அதுவாவது நாணயமான சாவு. மூன்றாவதுதான் பேய். ஃபைலை அழித்தேன், அழிந்தது. ஃபார்மேட் செய்தேன், ஆனது. கார்டைக் கழற்றி மாட்டினேன், 2019-இல் எழுதிய லாக் அப்படியே உட்கார்ந்து சிரிக்கிறது. எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதவே இல்லை. ஃபார்ம்வேரில் (லாகருக்குள் ஓடும் நிரலில்) எழுதியதும் திரும்பப் படித்துச் சரிபார்க்காதவர்கள் (நான் உட்பட) இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆக 14-இல் தேய்மானம் என்று நம்பக்கூடியது இரண்டு, தாராளமாகச் சொன்னால் மூன்று. 11-ஆம் தேதி இரவு "தேய்மானம்தான்" என்று அடித்துச் சொன்னேனே, அந்த வரியை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

2022 ஜூன் 20

தம்பிக்கு: உங்கள் லாகில் ஒவ்வொரு தடவை போர்டு எழும்போதும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் சேர்த்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள்.

2022 ஜூலை 2

ஓட்டிவிட்டார். விவசாய மும்முனை மின்சாரம் நேரம் வைத்து வந்து போவது நமக்குத் தெரியும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை எழும் என்று இருவரும் எதிர்பார்த்தோம். ஒரு நாளில் 23 தடவை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வோல்டேஜ் சரிகிறது, போர்டு விழுகிறது, எழுகிறது, சில சமயம் ஒரே ஸ்டார்ட்டில் இரண்டு முறை. விநாடிக்கு இரண்டு எழுத்து நடக்கிற கார்டில் இப்படி நாளைக்கு 23 தடவை கரண்டைப் பிடுங்கினால் என்றாவது ஒருநாள் டைரக்டரியை எழுதிக்கொண்டிருக்கும்போது மாட்டும். உண்மையில் அதைவிட மோசம்: கன்ட்ரோலர் தன் சொந்த அட்டவணையை, எந்த லாஜிக்கல் செக்டர் எந்த பேஜில் இருக்கிறது என்ற கணக்கை, எழுதும்போது மாட்டினால் ஃபார்மேட்கூட உதவாது. பதிலே தராத அந்த ஒரு கார்டு இப்படித்தான் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"பெரிய கெப்பாசிட்டர் போட்டால் போதாதா" என்று கேட்கிறார். கணக்குப் போடுவோம். எழுதும்போது கார்டு 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 3.3 வோல்ட்டிலிருந்து 2.7 வரை இறங்கலாம், அதற்குக் கீழே கார்டுக்கு உத்தரவாதமில்லை. 470 மைக்ரோஃபாரட் போட்டால் தாங்கும் நேரம் 2.8 மில்லிசெகண்ட். எஸ்டிஹெச்சி கார்டு ஒரு எழுத்தை முடிக்க 250 மில்லிசெகண்ட்வரை பிஸி என்று சொல்லிக்கொண்டிருக்க ஸ்பெக்கே அனுமதிக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ரெகுலேட்டருக்கு முன்னால், 5 வோல்ட் பக்கம் வையுங்கள். அங்கே 5-லிருந்து 3.5 வரை இறங்க இடமிருக்கிறது, 17 மில்லிஃபாரட் இருந்தால் அந்த 250 வந்துவிடும். அதோடு 5 வோல்ட் சரியும்போதே மைக்ரோகன்ட்ரோலருக்கு (போர்டின் மூளைச் சிப்) ஒரு இன்டரப்ட், அதாவது அவசரத் தட்டல், போகவேண்டும்: புதுசாக எதையும் ஆரம்பிக்காதே, கையில் இருப்பதை முடி.

2022 ஜூலை 3

மேலே சொன்னதை நானே முதல் தடவை செய்தபோது சொதப்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 17 மில்லி போதும் என்றால் 100 மில்லிஃபாரட் தாராளம் என்று நாணயம் மாதிரி இருக்கும் 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஸ்கோப்பில் பார்த்தால் கரண்ட் போன கணமே வோல்டேஜ் செங்குத்தாக விழுகிறது, கெப்பாசிட்டரே இல்லாத மாதிரி. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த வகையின் உள்மின்தடை பல பத்து ஓம். அதன் வழியாக 100 மில்லிஆம்பியர் இழுத்தால் உள்ளேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அது கடிகாரச் சிப்புக்கு மாதக்கணக்கில் மைக்ரோஆம்பியர் கொடுக்கப் பிறந்தது, கார்டுக்கு அல்ல. அப்புறம் 2.7 வோல்ட், 1 ஃபாரட் உருளைகள் இரண்டைத் தொடராக, சமன் செய்ய ஆளுக்கொரு ரெசிஸ்டரோடு போட்டேன். அது வேலை செய்கிறது.

2022 ஜூலை 3, இரவு

இன்னொன்று, மறந்தே போனேன். நிரல் உறைந்தால் தட்டி எழுப்பும் வாட்ச்டாக் மைக்ரோகன்ட்ரோலரை மட்டும் ரீசெட் செய்யும், கார்டுக்கு அது தெரியாது. பாதி எழுத்தில் நிற்கிற கார்டு பழைய பேச்சைத் தொடர்ந்துகொண்டிருக்கும், புதிதாக எழுந்த ஃபார்ம்வேர் வணக்கம் சொன்னால் பதில் வராது, "கார்டு செத்துவிட்டது" என்று சைட்டிலிருந்து போன் வரும். கார்டின் 3.3 வோல்ட்டை ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் வழியாகக் கொடுத்து, தேவைப்படும்போது அணைத்துப் போடுங்கள். அணைக்கும்போது டேட்டா கம்பிகளையும் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கம்பி வழியாகவே கரண்ட் திருட்டுத்தனமாக உள்ளே போய்க் கார்டை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும். இதில் எனக்கு ஒரு வாரம் போனது.

2022 ஆகஸ்ட் 14

வேகத்தைப் பற்றி வேறொருவர் கேட்டிருப்பதால்.

கார்டின் முகத்தில் இருக்கும் 100 எம்பி எல்லாம் படிக்கும் வேகம், அதுவும் நல்ல பஸ் கிடைத்தால். ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் போட்டால் நான்கு கம்பி, 50 மெகாஹெர்ட்ஸ், 25 எம்பியைத் தாண்ட வழியே இல்லை. சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் எஸ்பிஐ முறையில் 25 மெகாஹெர்ட்ஸ், ஒரே கம்பி, ஏட்டளவில் 3 எம்பி சொச்சம். நம் லாகர்களுக்கு அதுவே கடல்.

நமக்கு வலிப்பது சராசரி வேகம் இல்லை, திடீர் தாமதம். ஒரு ஸ்பின்னிங் மில்லில் பேரிங் அதிர்வு பதியும் கருவி செய்தோம். மூன்று அச்சு, விநாடிக்கு 3,200 மாதிரி, மாதிரிக்கு 2 பைட், ஆக விநாடிக்கு 19,200 பைட். கார்டுக்கு இது தூசு. ஆயிரம் எழுத்தில் 998 இரண்டு மில்லிசெகண்டில் முடிந்தது. மிச்சம் இரண்டு 150, 180 என்று இழுத்தது, உள்ளே எதையோ அழித்துச் சுத்தம் செய்கிறது. கார்டு தயாராகும்வரை மாதிரிகளைப் பிடித்துவைக்கும் என் பஃபர் 2 கேபி, நூறு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல்தான் தாங்கும். பதிவில் அங்கங்கே ஓட்டை. அதிர்வைப் பகுப்பாய்வு செய்தவர் பேரிங்கில் விசித்திரமான பழுது என்று அறிக்கையே எழுத ஆரம்பித்துவிட்டார். பழுது பேரிங்கில் இல்லை, என் பஃபரில். நான் போட்ட எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலரில் மொத்த ரேமே 20 கேபிதான், அதில் 8 கேபியை ஒதுக்கிக் கொடுத்ததும் 400 மில்லிசெகண்டுக்கு மேல் தாங்கியது, ஓட்டை நின்றது.

ஏ1, ஏ2 என்று போட்டிருப்பதுதான் சின்னச் சின்ன எழுத்துக்கான எண். ஏ1 என்றால் விநாடிக்கு 500 சில்லறை எழுத்து, 1,500 வாசிப்பு. ஏ2-வில் 2,000-உம் 4,000-உம். ஆனால் ஏ2-வின் எண் வர கார்டை மாட்டும் கருவிக்கும் கட்டளை வரிசை, கேஷ் இரண்டையும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எஸ்பிஐயில் போட்டால் ஏ2-வுக்குக் கொடுத்த காசு முகத்தில் இருக்கும் அச்சுக்குத்தான்.

அந்த மில்லில் அப்புறமும் இரண்டு கார்டு "செத்தது". பஞ்சுத் தூசு சாக்கெட்டுக்குள். ஊதியதும் பிழைத்துக்கொண்டது. இதுக்கு என்ன ஆயுள் கணக்கு போடுவது.

2022 செப்டம்பர் 4

நான் தேய்மானத்தையே இல்லை என்று சொல்வதாக ஒருவர் கோபப்படுகிறார். இல்லை. டெஸ்லா கதையைப் பாருங்கள். பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி இஎம்எம்சி ஃபிளாஷ் சிப், போர்டிலேயே பற்றவைத்தது. 3,000 சுற்று தாங்கும், நாளைக்கு 1.4 சுற்று என்று வையுங்கள். வகுத்தால் 2,143 நாள், ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியே நடந்தது. திரை போனால் பின்பக்கக் கேமராப் படமும் போகும் என்பதால் 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நல்ல பவர் சப்ளை, நல்ல சிப், தூசு இல்லை, போலி இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு. கார் பதினைந்து வருடம் ஓடும் என்று யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததுதான் குறை.

ஆனால் அங்கே கணக்கு தேய்மானத்தைக் காட்டியது, தேய்மானம் வந்தது. தம்பியின் லாகரில் கணக்கு ஏழு வருடம் காட்டியும் ஆறு மாதத்தில் செத்தது. அதனால்தான் வேறு இடத்தில் தேடச் சொன்னேன்.

நேர்மாறான கதை ஒன்று செவ்வாய் கிரகத்தில். 2004 ஜனவரியில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 18-ஆம் நாளே மறுபடி மறுபடி ரீபூட் ஆக ஆரம்பித்தது. ஃபிளாஷ் சிப்புக்கு ஒன்றுமில்லை. அதில் ஃபைல்கள் ஏகமாகச் சேர்ந்துவிட்டன, அவற்றின் பட்டியலை ஏற்ற ரேம் போதவில்லை. ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு என்று பூமியிலிருந்து சொல்லி, குப்பை ஃபைல்களை அழித்து, கடைசியில் ஃபார்மேட் செய்தார்கள். என் டப்பாவில் இருந்த எட்டுக்கும் இதேதான் வைத்தியம், டிக்கெட் செலவு மட்டும் கம்மி.

2022 செப்டம்பர் 5

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: ரூட் பகுதியை (சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் இடம்) ரீட் ஒன்லி ஆக்குங்கள், லாகை ரேமில் வையுங்கள், உங்கள் டேட்டாவுக்குத் தனிப் பகுதி. நான் 2017-இலிருந்து ஓட்டும் ஒரு பை இன்னும் அதே கார்டில் எழுகிறது.

2023 ஜனவரி 22

இப்போது நான் போடும் டிசைன் மாறிவிட்டது, தம்பியும் அதையே எடுத்துக்கொண்டார். வரிகள் முதலில் 32 கேபி எஃப்ரேம் சிப்புக்குப் போகும். அதில் அழிப்பு கிடையாது, கரண்ட் போனால் தொலையாது, சில வகைகளுக்கு டேட்டாஷீட்டில் 10-இன் 14-ஆம் அடுக்கு தடவை என்று போட்டிருக்கிறான், கோடி கோடி என்று நாம் சும்மா சொல்வோமே, நிஜமாகவே அதுதான். 16 கேபி சேர்ந்ததும் மொத்தமாகக் கார்டுக்கு. 256 விநாடிக்கு ஒரு தடவை, நாளைக்கு 338. டைரக்டரியோடு சேர்த்துப் பெருக்கினால் 11 எம்பி, முன்பு 2.8 ஜிபி. தேய்மானம் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் எனக்குப் பெரிய லாபம் அது இல்லை. முன்பு எப்போது கரண்ட் போனாலும் கார்டு எழுதிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், இப்போது நாலு நிமிடத்தில் ஒரு கண்ணிமை நேரம்தான்.

அதோடு ஃபைலை ஆரம்பத்திலேயே முழு நீளத்துக்கு ஒதுக்கிவிடுகிறேன். பிறகு டைரக்டரியைத் தொடவே வேண்டாம். 512 பைட் பெட்டி ஒவ்வொன்றிலும் வரிசை எண், சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண். எழுந்ததும் கடைசி நல்ல பெட்டி எது என்று பாதி பாதியாகத் தேடினால் கிடைத்துவிடும். (அப்போ மேலே போட்ட 11 எம்பியிலும் பாதிதான். போகட்டும்.)

வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் வெப்பம் ஏறும்போது செல்லில் இருக்கும் மின்னூட்டம் சீக்கிரம் கசியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எழுதிவிட்டு ஒரு வருடம் கழித்துப் படிக்கலாம் என்று கார்டை அங்கேயே விட்டுவைக்காதீர்கள்.

2023 ஏப்ரல் 16

தம்பி தன் மூன்று பழைய கார்டுகளையும் கூரியரில் அனுப்பியிருந்தார், இன்றுதான் பிரித்தேன். முதலாவது ஃபார்மேட் செய்ததும் எழுந்துவிட்டது. இரண்டாவதும். மூன்றாவதில் அடையாளப் பதிவேட்டைப் படித்தால் வரிசை எண் முழுக்கச் சுழியம், போலி. 8 ஜிபி என்று சொன்னது 1.9-க்கு மேல் எதையும் திருப்பித் தரவில்லை. நாளைக்கு 5.5 எம்பி எழுதுகிறவர் அந்த எல்லையைத் தொட ஒரு வருடம் ஆகியிருக்கும், ஆக அந்தக் கார்டு சாவதற்குப் போலிக் கொள்ளளவும் காரணமில்லை. ஃபார்மேட் செய்தேன், முதல் 1.9 ஜிபி நன்றாகவே இருக்கிறது.

முதல் இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாவது டப்பாவில்.